டிரசர் மகள் மவுரீன் பார்த்த இடது கால்

மவுரீன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயடியில். எழுபத்தேழாம் வருஷம், தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். டிரசர் எர்னஸ்டுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று பால் எடுக்க மரம் வெட்டி முடித்து வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பேரு மவுரீனாம்."

"என்னாடி பேரு அது? பிஸ்கட்டு டின்னுல போட்டிருக்கிற மாதிரி."

"உன் மவளுக்குப் பேச்சாயின்னு வெச்சியே, அத எந்த டின்னுல பார்த்த?"

அவ்வளவுதான் பேச்சு. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் லயத்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

டிரசர் என்றால் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குப் பொறுப்பானவர். டாக்டர் மாதம் ஒரு தடவை காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பேதி, கத்தி வெட்டு, பிள்ளைப்பேறு எல்லாம் டிரசர்தான். எர்னஸ்டின் அப்பா பிரான்சிஸ் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பிரான்சிஸின் தங்கச்சியைக் கோலசிலாங்கூரில் ஒரு மீன் வியாபாரிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் தங்கித்தான் எர்னஸ்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார். நல்ல மனிதர். கோபம் மட்டும் அதிகம். காயத்தில் யாராவது புகையிலையை வைத்துக் கட்டி வந்தால் மருந்துக் கொட்டகை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"புகையில வெச்சியா?"

"இல்லீங்கய்யா."

"இந்த நாத்தம் என்னா நாத்தம்?"

"தெரியலீங்கய்யா."

தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் என்ன வைத்தியம் செய்தாலும் டிரசரிடம் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வோம். என் மூத்தவனுக்குக் குடல் ஏற்றம் என்று வயிற்றில் விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டு, "ஒண்ணும் பண்ணலீங்கய்யா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அப்புறம் பின்பக்கமாகப் போய் டிரசர் வீட்டு அடுப்படிக் கதவண்டை நின்று அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்வோம். அந்த அம்மா, புகையிலை வைத்தாயா என்று கேட்க மாட்டார். "யாரு வெச்சி வுட்டா?" என்றுதான் கேட்பார். அதற்கு இல்லை என்று பதில் சொல்ல முடியாது. ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதும் மற்றதெல்லாம் வந்துவிடும். அந்த அம்மா உள்ளே போய்ப் புருஷனிடம் மெதுவாகச் சொல்லுவார். மவுரீன் அப்போது ஐந்தாறு வயசுப் பிள்ளை. அடுப்படிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கித்தா என்கிற ரப்பர் மரத்தைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஆள் பாதியாகக் குறைந்தது. மருந்துக் கொட்டகையை மூடினார்கள். எர்னஸ்டு குடும்பம் ரவாங் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனது. மவுரீன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் படிவம் முடித்து, கோலாலம்பூரில் மூன்று வருஷம் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்புப் படித்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. கட்டிக்கொண்டது கணேஸ்வரன் என்ற இந்துப் பையனை. எர்னஸ்டு ஒரு வருஷம் மகளோடு பேசவில்லை. பேரன் சரண் பிறந்ததும் பேசினார். சரணுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார்கள், பத்துமலை முருகன் கோயிலில் மொட்டையும் அடித்தார்கள். புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைவந்தது சின்னப் பிள்ளைகளின் இரத்தக் குழாய்களைப் பார்ப்பது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்குப் பால் செரிக்காது. கையில் ஊசி நிற்காது. அதனால் கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய குழாய்க்குள் நூல் மாதிரி மெல்லிய டியூப்பை விட்டு, அது வழியாக மருந்தும் சத்தும் ஏற்றுவார்கள். பிள்ளை பிழைப்பதே சில சமயம் அந்த டியூப்பால்தான். ஆனால் டியூப் கிடந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடுவதும் உண்டு. கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும். அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மேலே போனால் நெஞ்சுக்குப் போகும். போனால் பிள்ளை தங்காது.

அந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கும் விதத்தை மவுரீன் எனக்கு ஒருமுறை சொன்னாள். ஸ்கேன் கருவியை மேலே வைத்து லேசாக அழுத்த வேண்டும். நல்ல குழாய் என்றால் தண்ணீர்ப் பை மாதிரி நசுங்கி மறைந்துவிடும். உள்ளே கட்டி இருந்தால் நசுங்காமல் நிற்கும். பெரியவர்களுக்கு இது சுலபம். பிள்ளைக்குக் குழாய் வைக்கோல் கனம்கூட இல்லை. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் எல்லாமே நசுங்கும். பிள்ளை முக்கி அழுதால் இரத்த ஓட்டம் நின்று, இல்லாத கட்டி இருப்பது போலத் தெரியும். அதனால் ஜெல் பாட்டிலை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி வைப்பாள். பிள்ளைக்குப் பால் கொடுத்த பிறகுதான் தொடுவாள். உறங்கும்வரை காத்திருப்பாள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடிப்பதற்கு இவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வெளியே குறை சொல்லுவார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் நடந்ததை இனிச் சொல்கிறேன். நான் கூட இருக்கவில்லை. குமுதா சொன்னது, அவள் மாமியார் நாகமணி சொன்னது, மவுரீன் சொன்னது, மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

குமுதா என் அண்ணன் பேத்தி. ஈஜோக்கில் நாகமணியின் மகன் செல்வாவுக்குக் கொடுத்தோம். செல்வா செகிஞ்சான் அரிசி ஆலைக்கு லோரி ஓட்டுகிறான். குமுதாவுக்கு இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவது ஏழு மாதத்தில் பெண் பிறந்தது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. குடலில் கிருமி என்று இடது தொடை இடுக்கில் டியூப் விட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. டியூப்பை எடுத்த மறுநாள், இடது கால் சற்றுக் கனமாகத் தெரிகிறது என்று மிஸ்ஸி, அதாவது வார்டு நர்ஸ், ஒருத்தி சொன்னாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதினார்கள். மவுரீன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு வந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கீழே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். டியூப் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் போட்டிருந்தது. பிரித்தால் இரத்தம் வருமோ என்று வார்டில் தயங்கினார்கள். பிள்ளை ஓயாமல் அழுதது. முழங்காலிலிருந்து தொடை பாதிவரை பார்த்தாள். குழாய் நன்றாக நசுங்கியது. இடது காலில் கட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் கால் வீங்கியது.

"உரம் விழுந்திருக்கு," என்றார் நாகமணி. பிள்ளையைத் தூக்கும்போது ஏதாவது பிசகிக்கொண்டால் உரம் விழுந்தது என்போம், நீவிவிட்டால் சரியாகும். பூண்டு போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி, காலையும் சாயங்காலமும் இரண்டு நாள் நீவினார். வீக்கம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் உரம் எடுக்கிற சின்னம்மா என்பவரிடம் தூக்கிப் போனார்கள். அந்த வட்டாரத்தில் சேலையில் பிள்ளையைப் புரட்டி உரம் எடுப்பதில் சின்னம்மாவுக்குப் பேர். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். தொடவில்லை.

"இது உரமில்ல நாகமணி. காலு நீலம் பாஞ்சிருக்கு. நான் கை வைக்க மாட்டேன்."

"ஒரு தடவ பொரட்டிப் பாரேன்."

"ஒன் வூட்டுப் புள்ளன்னா அவ்ளோ எளக்காரமா? போடி, ஆஸ்பத்திரிக்கு."

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. காரில் போகும்போதே நாகமணி பிள்ளையின் காலை ஈரத் துணியால் துடைத்துப் பவுடர் போட்டார். அவசரப் பிரிவில் இளவயசு டாக்டர். காலில் என்ன ஆனது என்று கேட்டார். தொட்டில் ஸ்பிரிங் கம்பியில் இடித்துக்கொண்டது என்று நாகமணி மலாய் மொழியில் சொன்னார். எண்ணெய் தேய்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். குமுதாவுக்கு எல்லாம் தெரியும். மாமியாரை வைத்துக்கொண்டு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்தார். பதினேழு நாளுக்கு முன் எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை என்று மவுரீன் எழுதியது இருந்தது. அதையும் தொட்டில் கதையையும் சேர்த்து, அடிபட்டதில் ஆடுசதைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதினார். ஆடுசதையை மட்டும் பார்த்திருந்தால் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் எண்ணெய் இன்னும் அரைப் பாட்டில் இருந்தது.

ஸ்கேன் அறையில் மவுரீன். சீட்டில் தாயின் பெயரைப் பார்த்ததும் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பால் குடிச்சாச்சாக்கா?"

"குடிச்சிருச்சி மிஸ்ஸி," என்றார் நாகமணி.

துணியைப் பிரித்தாள். பவுடர் வாசனைக்கு அடியில் பூண்டு வாசனை வந்தது. மவுரீன் தொட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜெல்லைக் கையில் எடுத்துச் சூடு பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு கையிக்கா?"

"என்னா மிஸ்ஸி?"

"நீவுனது. உங்க கையா, மருமக கையா?"

நாகமணி குமுதாவைப் பார்த்தார். குமுதா தரையைப் பார்த்தாள்.

"என் கைதான்," என்றார் நாகமணி. "இதுக்கு எங்க நீவத் தெரியும். புள்ளயக் குளிப்பாட்டவே பயப்படுது."

"எத்தனை நாளு?"

"ரெண்டு நாளு. காலையில, சாயங்காலம்."

"மேலேர்ந்து கீழயா, கீழேர்ந்து மேலயா?"

"கீழேர்ந்து மேலதான். நீர வயித்துப் பக்கம் தள்ளுனாத்தான எறங்கும்."

"தொட்டில்ல இடிக்கல மிஸ்ஸி," என்றாள் குமுதா. "அத்தை பயந்துபோய்ச் சொல்லிட்டாங்க."

"நீ சும்மா இரு லா. அவங்கதான் கேக்குறாங்கல்ல, நான் சொல்லிக்கிட்டுதான இருக்கேன்."

மவுரீன் ஆடுசதைக்குப் போகவில்லை. பிள்ளை உறங்கும்வரை நின்றாள். பிறகு கருவியைத் தொடை இடுக்கில், பழைய டியூப் இருந்த தழும்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். குழாய் நசுங்கவில்லை. ஒருமுறைதான் அழுத்தினாள். அதற்குப் பிறகு அழுத்தாமல் கருவியைத் தொட்டும் தொடாமலும் வயிற்றுப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனாள். கட்டி இடுப்பைத் தாண்டி வயிற்றுப் பெரிய குழாய்க்குள் நீண்டிருந்தது. அதன் நுனி எதையும் ஒட்டாமல், ஓடுகிற இரத்தத்தில் வால் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. திரையில் அதைக் குமுதாவும் பார்த்தாள். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. மவுரீன் முகத்தைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

"புள்ளைக்கு என்னா மிஸ்ஸி?"

"இரத்தம் உறைஞ்சு கட்டி இருக்கு. பெரிய டாக்டரக் கூப்புடுறேன். அதுவரைக்கும் இங்கயே படுத்திருக்கட்டும். கால யாரும் தொடாதீங்க."

"உசுருக்கு ஏதும் ஆபத்தா?"

"நகர்ந்தா ஆபத்து. நகராம இருக்க மருந்து இருக்கு."

போன் பண்ணினாள். பெரிய டாக்டர் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் மவுரீன் பழைய படங்களைத் திறந்து பார்த்தாள். நான்கு படம். நான்கும் தொடை பாதியோடு நின்றன. பிளாஸ்டர் இருந்த இடம் எந்தப் படத்திலும் இல்லை. கீழே அவள் எழுதியிருந்தது முழுக் காலுக்கும்.

பெரிய டாக்டர் ஒரு சீன அம்மாள். வந்து திரையைப் பார்த்தார். உடனே மருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இதயத்தைப் பார்க்க வேறு டாக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சுப் பக்கம் எதுவும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. பிள்ளையை வார்டுக்குத் தூக்கிப் போகும்போது மவுரீன் அவரை நிறுத்தி, போன தடவை தான் மேல்பகுதியைப் பார்க்கவில்லை என்றும், பார்த்த மாதிரி எழுதிவிட்டதாகவும் சொன்னாள். முதலில் பிள்ளையைக் கவனிப்போம், அதை எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம், யாரும் கேட்காதபோது நீயாக ஏன் போய்ச் சொன்னாய் என்று. கணேஸ்வரனும் வீட்டில் அதைத்தான் கேட்டான்.

"அந்தப் பேப்பர நம்பித்தான் சின்ன டாக்டர் ஆடுசதையப் பாக்கச் சொன்னாரு," என்றாளாம். "அது அங்கயே கெடந்தா, நாளைக்கு இன்னொரு டாக்டரும் அதையே நம்புவாரு."

எழுதிக் கொடுத்தாள். காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலும் கொடுத்தாள். கோப்பில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

பிள்ளைக்கு இரத்தம் உறையாமல் இருக்க நாளைக்கு இரண்டு ஊசி. முதல் வாரம் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாகமணி வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே போகவில்லை. இரண்டாம் நாள் மவுரீன் மெஷினோடு வந்தபோது எழுந்து நின்றார்.

"மிஸ்ஸி, என் கையாலதான் வந்துச்சா?"

"கட்டி உங்களால வந்தது இல்லக்கா. டியூப் போட்ட எடத்துல வந்தது. நீவுனதுல அது மேல போயிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்ப பாதித் தப்பு எனக்கு."

"மீதி எனக்கு. போன தடவயே நான் மேல பார்த்திருக்கணும்."

நாகமணி இரண்டு விரலை மடக்கினார்.

"ரெண்டு பாதியும் தீந்துபோச்சே மிஸ்ஸி. அப்ப டாக்டருங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

மவுரீன் சிரித்துவிட்டாள். குமுதா கதவுக்குள்ளிருந்து அதைக் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம் மவுரீனிடம் அவள் பேசவே இல்லை. ஸ்கேனுக்குப் பிள்ளையைக் கொண்டுவருவாள், படுக்கையில் விடுவாள், சுவரைப் பார்த்து நிற்பாள். மாமியாரிடமும் அதிகம் பேச்சில்லை. மவுரீன் அதற்காக எதுவும் செய்யவில்லை. பிள்ளை உறங்கக் காத்திருப்பாள், பார்ப்பாள், பார்த்ததைச் சொல்லுவாள்.

ஒன்பதாம் நாள் பார்த்தபோது அந்த ஆடுகிற வால் இல்லை. எங்கேயும் கழன்று போகவில்லை; கரைந்திருந்தது. அடுத்த வாரம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போடக் குமுதாவுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டவே பயந்த பெண் காலை ஏழு, இரவு ஏழு என்று மூன்று மாதம் ஊசி போட்டாள். செல்வா அந்த நேரம் வெளியே போய் லோரியைக் கழுவுவான். நாகமணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வார், காலைத் தொடுவதில்லை. வீட்டுக்குப் போன ஆறாம் வாரம் எடுத்த ஸ்கேனில், அடைத்திருந்த இடத்தைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஒன்று திரையில் தெரிந்தது. இரத்தம் வழி பிடித்துப் போகிறது என்றாள் மவுரீன்.

"தேறிடுமா?" என்றாள் குமுதா. இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தேறிடும். இடது கால் கொஞ்சம் பருமனாவே இருக்கலாம். இன்னிக்கு வயித்துலேர்ந்து முழங்கால்வரைக்கும் பாத்தேன். பாக்காத எடம் எதுவும் இல்ல."

பிள்ளைக்கு அதன் பிறகுதான் பெயர் வைத்தார்கள். தன்விகா. இப்போது இரண்டு வயசு தாண்டிவிட்டது. ஓடுகிறது. இடது கால் வலது காலைவிடச் சற்றுப் பருமன்தான். சாக்ஸ் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் தடம் விழும். வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறார்கள்.

எச்சரிக்கை வந்த பிறகு மவுரீன் ஓர் ஏற்பாட்டைக் கேட்டாள். டியூப் போட்டிருந்த பிள்ளையைக் கட்டு பிரித்த பிறகு ஒரு தடவை, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை, வயிறுவரை பார்க்க வேண்டும். பார்க்க முடியாத இடம் இருந்தால் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும். சீன டாக்டர் அம்மாள் சம்மதித்தார். யார் பார்ப்பது என்று கேட்டபோது இவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், கூடுதல் சம்பளம் இல்லாமல்.

எர்னஸ்டு போன வருஷம் தவறிவிட்டார். அவர் மனைவி மகள் வீட்டில் இருக்கிறார். மவுரீனுக்கு இந்தத் தீபாவளியோடு நாற்பத்தெட்டு. புக்கிட் செந்தோசாவில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பதவி உயர்வு இன்னும் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைகள் வார்டில், மற்ற நாள் கீழே ஸ்கேன் அறையில் வேலை செய்கிறாள்.